வஞ்சிரத்தை மறந்துவிட்டுப் போங்கள்: மயிலாடுதுறைப் பக்கத்து மீன் கடையில் சாப்பிடும் முறை

மீன் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைய நல்ல நேரம் பகல் பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்றரை வரை. அதற்கு முன்னால் போனால் குழம்பு அப்போதுதான் அடுப்பை விட்டு இறங்கியிருக்கும். புளி ஒரு பக்கம், காரம் ஒரு பக்கம் என்று ஒட்டாமல் நிற்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் குழம்பு பிரமாதமாக இருக்கும், மீன்தான் இருக்காது. இடைப்பட்ட அந்த முக்கால் மணி நேரத்தைப் பிடிக்க முடியாதவர்கள் பிரியாணிக் கடைக்குப் போகலாம். அது எந்த நேரத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான் ஆயுள் காப்பீட்டு முகவர். வீடு மயிலாடுதுறையில். வேலை சீர்காழி, குத்தாலம், பொறையார், தரங்கம்பாடி, சில நாட்களில் காரைக்கால் வரை. வயலிலிருந்தோ கடலிலிருந்தோ ஆட்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்துத்தான் கதவைத் தட்ட வேண்டும் என்பதால் என் மதியச் சாப்பாடு பெரும்பாலும் வெளியில்தான். பளபளக்கும் பெயர்ப்பலகையும் குளிர்சாதன அறையும் கொண்ட ஹோட்டல்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வீட்டு வாசலில் தகரக் கொட்டகை இறக்கி, நான்கு மேசை போட்டு, கணவர் கல்லாவிலும் மனைவி அடுப்படியிலும் நிற்கும் தெருக் கடைகள்தான் என் கணக்கில் மீன் கடை.

கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது? கூட்டத்தை நம்பாதீர்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே எது இருந்தாலும் கூட்டம் வரும். அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் தூக்குச் சட்டியோடு வந்து குழம்பு மட்டும் வாங்கிப் போகிறார்களா என்று பாருங்கள். வீட்டில் சோறு வடித்துவிட்டுக் குழம்புக்காக நடந்து வருகிறார்கள் என்றால் அந்தக் கடையில் பயமில்லாமல் உட்காரலாம். அடுத்தது அடுப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் வறுத்த மீனை அடுக்கிவைத்திருக்கும் கடையை அப்படியே கடந்து போங்கள். மசாலா தடவிய பச்சை மீன் தட்டில் காத்திருக்க வேண்டும், நீங்கள் சொன்ன பிறகுதான் தோசைக்கல்லில் ஏற வேண்டும். அந்த மசாலாவின் நிறத்தையும் கவனியுங்கள். மிளகாய்த்தூள் மஞ்சளோடு சேர்ந்தால் செங்கல் நிறம் வரும். குங்குமச் சிவப்பாக இருந்தால் உள்ளே சாயப்பொடி இருக்கிறது. சாப்பிட்டபின் சோப்புப் போட்டாலும் விரல் நுனி சிவந்தே இருக்கும்.

உட்கார்ந்தவுடன் கடைக்காரத் தம்பி ஒரு பட்டியலை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்: "வஞ்சிரம், வவ்வால், சங்கரா, இறால், நண்டு, கணவாய்." முக்கால்வாசிப் பேர் முதல் பெயரிலேயே நின்றுவிடுவார்கள். தயவுசெய்து நிற்காதீர்கள். எல்லோரும் கேட்கிற மீன் என்பதால் வஞ்சிரத்தை எந்தக் கடையும் இல்லை என்று சொல்ல விரும்பாது. அதனால் அது ஐஸில் காத்திருக்கும் மீனாகிவிடுகிறது. எந்தத் துறைமுகத்திலிருந்து எத்தனை நாள் பயணத்தில் வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. விலை மட்டும் எப்போதும் உச்சியில் இருக்கும். அதே தட்டில் பக்கத்தில் கிடக்கும் கிழங்கானையோ பன்னாவையோ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதான் அன்று விடியற்காலையில் பழையாற்றிலோ பூம்புகாரிலோ தரங்கம்பாடியிலோ ஃபைபர் படகிலிருந்து இறங்கியிருக்கும்.

ஆகவே "என்ன மீன் இருக்கிறது?" என்று கேட்காமல், "இன்று காலையில் என்ன வந்தது?" என்று கேளுங்கள். தம்பி தடுமாறினால் அடுப்படியை நோக்கிக் குரல் கொடுங்கள். மீனை ஆய்ந்தவர் அங்கேதான் இருப்பார். "அக்கா, இன்று உங்கள் வீட்டுக்கு எதை எடுத்துவைத்தீர்கள்?" என்று நான் கேட்பது வழக்கம். முதல் தடவை முறைப்பார்கள், இரண்டாவது தடவை சிரிப்பார்கள். அதற்கப்புறம் நாம் கேட்காமலே ஒரு கிண்ணம் காரப்பொடி மீன் குழம்பு இலை ஓரத்தில் வந்து உட்காரும்.

எந்த மீனை எப்படி வாங்குவது என்பதில் எனக்குக் கறாரான கருத்துகள் உண்டு. காரப்பொடி வெள்ளித் தகடு போல மெலிந்த சின்ன மீன்; வறுத்தால் முள்தான் மிஞ்சும், குழம்பில் போட்டால் அந்தக் குழம்புக்கு இணை கிடையாது. கிழங்கானை வறுக்கலாம், ஆனால் மசாலா கனமாக இருக்கக் கூடாது. அதன் சதை மென்மையானது, சிறு இனிப்பு உண்டு. சங்கரா இரண்டுக்கும் பொருந்தும், தலையோடு முழுதாக வறுத்தால்தான் அழகு. நெத்திலியைப் பொரித்தும் சாப்பிடலாம், மாங்காய் போட்டு அவியலாகவும் சாப்பிடலாம். மத்தியும் கானாங்கெளுத்தியும் எண்ணெய்ப்பசை உள்ளவை. அவற்றைக் கல்லில் நிதானமாக முறுகவிட வேண்டும். கொடுவாவும் மடவையும் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்து மீன்கள். முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுப் பக்கமிருந்து மடவை வந்திருக்கிறது என்று சொன்னால் வேறெதையும் கேட்காமல் குழம்பு மீனாகச் சொல்லிவிடுங்கள். விராலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: நடுமுள் தவிர அதிகம் முள் இல்லாத குளத்து மீன், குழம்புக்கென்றே பிறந்தது. அதை வறுத்துக் கேட்பவர்களோடு நான் ஒரே மேசையில் உட்காருவதில்லை.

சுறாவும் திருக்கையும் வேறு ரகம். அவற்றுக்கு எலும்பே கிடையாது, குருத்தெலும்புதான். அவற்றின் சதையில் இயல்பாகவே யூரியா உண்டு. மீன் இறந்தபின் நேரமாக ஆக அது அம்மோனியாவாக மாறும். அதனால்தான் பழைய சுறாவை வேகவைத்தால் கழிவறை வாடை அடிக்கிறது. சுறாப்புட்டு சொல்வதற்கு முன் ஒரு கரண்டி மட்டும் வாங்கி முகர்ந்து பாருங்கள். பூண்டும் சோம்பும் கறிவேப்பிலையும் மணந்தால் சரி. மூக்கில் குத்தினால் பேசாமல் திருப்பிக் கொடுங்கள், சங்கடப்பட ஒன்றும் இல்லை. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை மூன்றுக்கும் இன்னொரு சோதனை உண்டு. இவற்றை ஐஸில் வைக்காமல் வெயிலில் போட்டுவிட்டால் சதையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற உபாதை தரும் பொருள் சேர்ந்துவிடும். எத்தனை நேரம் பொரித்தாலும் அது போகாது. வாயில் வைத்ததும் மசாலாக் காரத்தைத் தாண்டி நாக்கில் சுருக்கென்று மிளகுத் தன்மை தெரிந்தால் அந்தத் துண்டை அதோடு விட்டுவிடுங்கள். கொடுத்த காசுக்காகச் சாப்பிட்டு முடித்தால் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும்.

இனி நாள் பார்க்கும் கதை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதற்காக இந்தத் தடை. நாகப்பட்டினத்திலும் பழையாற்றிலும் விசைப்படகுகள் கரையில் வரிசையாக நிற்க, ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் மட்டும் கரையோரமாகப் போய்வரும். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ஆம் தேதிதான் தொடங்குகிறது என்பதால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் அங்கிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வந்து சேரும். அந்த நாட்களில் பெரிய மீன் கேட்டால், பெரிய விலை கொடுத்துப் பயணக் களைப்போடு வந்த மீனைச் சாப்பிடுவீர்கள். சின்ன மீனாகக் கேளுங்கள். கோலா கேளுங்கள். நீரை விட்டு எழும்பித் துடுப்பை விரித்துப் பறக்குமே, அந்தக் கோலாதான். கோடையில் இலைதழைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிட்டு, அவற்றில் முட்டையிட வரும் கோலாவை வளைத்துப் பிடிப்பது இந்தக் கரையின் பழைய முறை. அதன் சினை கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

கோடையில் இன்னொரு வழியும் இருக்கிறது. குளங்கள் வற்றும் காலம் அது. ஊர்க் குளத்தை ஏலம் எடுத்தவர்கள் இருக்கும் தண்ணீரைக் கலக்கி மீன் பிடிப்பார்கள். கட்லா, ரோகு, மிருகால் எல்லாம் கங்கைப் பக்கத்து மீன்கள், குஞ்சாக வாங்கிக் குளத்தில் விட்டு வளர்த்தவை. அவற்றோடு நம் ஊர் விராலும் கெளுத்தியும் ஏறும். சேற்று வாடை வருமே என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. புளியும் கல்லுப்பும் போட்டு உரசிக் கழுவத் தெரிந்த கை ஆய்ந்திருந்தால் வாடை வராது. வந்தால் அது சமையல்காரர் சோம்பல், மீனின் குற்றமில்லை. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டி நம் கடைமடை வாய்க்கால்களுக்கு வந்து சேர்ந்தபின் ஆற்று மீன் ஆசை தானாகக் கிளம்பும். உல்லம் என்ற மீன் கடலிலிருந்து முட்டையிடக் காவிரியில் எதிரேறி வந்த காலம் உண்டு. அணைக்கட்டுகள் குறுக்கே வந்தன, 1934-இல் மேட்டூர் அணையும் வந்தது, அந்த வருகை நின்றுபோனது. உல்லம் என்று யாராவது இலையில் வைத்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

மீன் பிரியர்களுக்கு உகந்த மாதம் புரட்டாசி. ஊரில் பாதிப் பேர் பெருமாளுக்காக அசைவத்தை நிறுத்தியிருப்பார்கள். கடலில் மீன் குறைந்திருக்காது, கேட்பவர்கள் குறைந்திருப்பார்கள். விலை இறங்கும், தம்பி நம்மை உட்காரச் சொல்லி மின்விசிறியைத் திருப்பிவைப்பார். விரதம் இருக்கிறவர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் தாண்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு நேர் எதிர் நிலவரம்: விலை ஏறும், துண்டு இளைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்து படகுகள் கட்டிக்கிடக்கும் நாட்களில் பச்சை மீனைக் கேட்டு அடம்பிடிக்காமல் கருவாட்டுக்குப் போய்விடுங்கள். கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, வெளியே அடைமழை. சென்னாக்குன்னி என்கிற காய்ந்த பொடி இறாலில் அரைத்த துவையல் இருந்தால் அந்தப் பகலில் வேறு வேலை எதற்கும் போகாதீர்கள்.

இப்போது இலை. பல கடைகளில் சாப்பாட்டு விலையில் குழம்பு அடங்கும், மீன் அடங்காது. குழம்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊற்றுவார்கள். உள்ளே கிடக்கும் துண்டுக்குத் தனிக் காசு. அதைக் "குழம்பு மீன்" என்று கேட்க வேண்டும். வறுவலுக்கும் தனிக் காசு, அளவைப் பார்த்துச் சொல்லும் விலை. வறுபட்டு வந்தபின் விலை கேட்பது சண்டைக்குத்தான் உதவும். பச்சையாகத் தட்டில் இருக்கும்போதே கையால் காட்டி, "இது எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். நடுத்துண்டு என்று சொல்லிவிட்டு வால் துண்டை வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது, காட்டி வாங்கினால் நடக்காது.

புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். சோறு வருவதற்கு முன்பே வறுவல் வந்து ஆறிப்போகும். முதல் சோறு விழுந்ததும் வறுவலைச் சொல்லுங்கள், அது வரும்வரை குழம்புச் சோற்றோடு இருங்கள். கரண்டி வாளியின் மேல்பரப்பில் மட்டும் போய் வந்தால் எண்ணெய்தான் விழும். "கொஞ்சம் கலக்கி ஊற்றுங்கள் தம்பி" என்று சொல்லத் தயங்காதீர்கள். வெந்தயமும் தாளிப்பு வடகமும் பூண்டும் அடியில்தான் கிடக்கின்றன. நம் பக்கத்துக் குழம்பில் வடகம் தாளித்த மணம் வராவிட்டால் எனக்கு அது வெளியூர்க் குழம்பு. கோடையில் மாங்காய்க் கீற்று கிடக்கும். மீன் துண்டை விட்டுக்கொடுத்தாலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். சாம்பார் வாளி வந்தால் இலையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மீன் கடை சாம்பார் யாருக்காக வைக்கப்படுகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டாவது சோறு கொஞ்சமாகப் போதும், அது ரசத்துக்கு. வறுவலின் ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும் மசாலாத் தூளை ரசச் சோற்றில் பிசைந்து சாப்பிடத் தெரியாதவர்கள் வறுவலில் பாதியை இழக்கிறார்கள். அடுத்து மோர். மீனோடு மோர் சேரக் கூடாது, வெண்புள்ளி வரும் என்று என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வங்காளத்தில் மீனைத் தயிரிலேயே சமைக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னதற்கு, "அவர்கள் உடம்பு அதற்குப் பழகியிருக்கும்" என்று முடித்துவிட்டார். அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது, நான் மோர் குடிக்கிறேன். அவர் இருந்தவரை வீட்டில் குடித்ததில்லை.

வறுவலுக்கு எலுமிச்சைத் துண்டு கேட்டு வாங்குங்கள். எண்ணெயில் வெந்த மீனுக்குப் புளிப்பு வேண்டும் என்பது உலகத்துக்கே தெரிந்திருக்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி மகள், அங்கே தெருமுனைக் கடையில் காட் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, தடித்தடியாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கோடு உப்பும் வினிகரும் தெளித்துத் தருகிறார்கள் என்று படம் அனுப்பினாள். "முள்ளே இல்லை அத்தை" என்று மகிழ்ச்சியாக எழுதியிருந்தாள். முள் இல்லாத மீனில் விரலுக்கு என்ன வேலை?

முள்ளுக்கு வருகிறேன். துண்டைப் பிய்க்கும்போது நடுமுள்ளுக்குக் குறுக்கே பிய்க்காதீர்கள். அதன் நீளவாக்கில் விரலை ஓட்டினால் சதை இரண்டு பாளமாகப் பிரியும். புதிய மீன் இதழ் இதழாகப் பிரியும், பழையது பொடிப்பொடியாக உதிரும் அல்லது கூழாக ஒட்டும். கட்லா, ரோகு போன்ற கெண்டை வகைகளில் நடுமுள் போக, சதைக்குள் கவட்டை வடிவில் சிறு முள்கள் தனியாகச் செருகியிருக்கும். அவற்றைச் சோற்றோடு பிசையவே கூடாது. மீனை மட்டும் வாயில் வைத்து, நாக்கால் தேடி, வெளியே எடுத்தபின் சோறு. குழந்தைகளுக்கு சுறாப்புட்டு கொடுங்கள், அல்லது விராலின் முதுகுச் சதையை நீங்களே உதிர்த்துத் தடவிப் பார்த்துக் கொடுங்கள். தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டையை விழுங்கு, வாழைப்பழத்தை விழுங்கு என்று மேசைக்கு மேசை வைத்தியம் சொல்வார்கள். அது முள்ளை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடலாம். இருமிப் பாருங்கள்; போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. உங்களைப் பார்த்ததும் "உள்ளே ஃபேமிலி ரூம் இருக்கிறது அம்மா" என்பார்கள். அது திரை தொங்கும், காற்று வராத, தண்ணீர் கேன்களும் வெங்காய மூட்டையும் கிடக்கும் அறை. பரிமாறுகிறவர் உங்களை மறந்துவிடுவார், இரண்டாவது குழம்புக்குக் கத்த வேண்டும். நான் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில், அடுப்படி தெரியும்படி உட்காருவேன். கல்லும் தெரியும், வாளி கிளம்புவதும் தெரியும். எதிரே யாராவது வந்து உட்கார்ந்து வெறித்தால், "அண்ணே, அந்த உப்பை இப்படித் தள்ளுங்கள்" என்று வேலை கொடுத்துவிடுவேன். அப்புறம் அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார்.

நான் அடிக்கடி போகும் கடையில் சாப்பாடு 100 ரூபாய். ஒரு குழம்பு மீனும் ஒரு சின்ன வறுவலும் சேர்ந்தால் 250-க்குள் எழுந்துவிடலாம். வஞ்சிரம் கேட்டால் வறுவல் மட்டுமே அந்தக் கணக்கைத் தாண்டும்.

வீட்டுக்கு வாங்கிப்போவதாக இருந்தால் வறுவலை விட்டுவிடுங்கள். நெகிழித்தாளில் மூடிய ஐந்தாவது நிமிடமே அது வியர்த்து நமத்துவிடும். குழம்பை வாங்குங்கள், அதற்கு வீட்டிலிருந்தே எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள். சூடான புளிக்குழம்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இரவில் ஒரு கொதி விட்டு மூடிவையுங்கள். காலையில் இட்லிக்கு ஊற்றலாம், பழைய சோற்றுக்கும் ஊற்றலாம். கருவாட்டுக் குழம்பாக இருந்தால் பழைய சோறுதான். தூக்கின் மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். வாடை அங்கேதான் தங்கும்.